‘அது வெறும் தியரிதானே?’: டோவர் பள்ளி வழக்கும் ஒரு சொல் கிளப்பிய குழப்பமும்

2005 ஜனவரி 18. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சின்ன ஊர். அங்குள்ள அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் பாடம். பள்ளி நிர்வாகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வகுப்புக்குள் வந்தார், கையிலிருந்த தாளைப் படித்தார், போய்விட்டார். மொத்தமே ஓரிரு நிமிட வேலை. அந்தத் தாளை மாணவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லி முதலில் உத்தரவு போனது ஆசிரியர்களுக்குத்தான். ‘இது அறிவியல் இல்லை, நாங்கள் படிக்க மாட்டோம்’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அதிகாரியே வரவேண்டியதாயிற்று.

தாளில் இருந்தது இவ்வளவுதான். டார்வின் சொன்னது ஒரு தியரி, அது உண்மை என்று நிலைநாட்டப்பட்டது அல்ல. அதில் ஓட்டைகள் இருக்கின்றன. உயிரின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள விரும்பினால் படிக்க ஒரு புத்தகம் இருக்கிறது. எதையும் திறந்த மனத்தோடு அணுகுங்கள்.

கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? முதல் தடவை படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ‘இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் பிள்ளைகளையே யோசிக்க விடலாமே, இதில் என்ன தப்பு’ என்றுதான் தோன்றும். ஆனால் இந்த ஒரு தாளுக்காகப் பெற்றோர் பதினொரு பேர் நீதிமன்றம் போனார்கள். ஆறு வாரம் விசாரணை நடந்தது. 139 பக்கத்துக்குத் தீர்ப்பு வந்தது. அறிவியல் என்றால் என்ன, எது அறிவியல் இல்லை என்பதை இந்த வழக்கை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம் என்று நினைக்கிறேன். டார்வினைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதலிலிருந்தே பார்ப்போம்.

தியரி என்ற சொல்

நம் ஊரில் ‘தியரி’ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம்: ‘நாளைக்குத் தியரி பரீட்சை.’ இன்னொன்று, நடைமுறைக்கு உதவாத பேச்சு: ‘தியரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நடக்கணுமே.’ ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை ஊகம் என்ற அர்த்தத்திலும் சொல்வார்கள். ‘அது வெறும் தியரிதானே’ என்ற வாக்கியம் பிறந்தது அங்கிருந்துதான்.

அறிவியலில் இந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஏராளமான தனித்தனித் தகவல்களை ஒரே சரட்டில் கோத்து, ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்லி, பலமுறை சோதித்தும் உடையாமல் நின்ற விளக்கத்துக்குத்தான் அங்கே தியரி என்று பெயர். தமிழில் கோட்பாடு என்கிறோம். நோய்கள் கிருமியால் வருகின்றன என்பது ஒரு கோட்பாடு. பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் கோட்பாடு. தியரி முதிர்ந்து விதியாகும் என்று பள்ளியில் சிலர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதுவும் சரியில்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. நியூட்டனின் ஈர்ப்பு விதி எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறது. ஏன் இழுக்கிறது என்பதைச் சொல்ல ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு வரவேண்டியிருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. டோவரில் அந்தத் தாள் வாசிக்கப்படுவதற்கு 23 நாள் முன்னால்தான், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தது. நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் அன்று காலை நடந்தது நமக்குத் தெரியும். அது ஏன் வந்தது? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, இந்தியத் தட்டு சுமத்ரா பக்கத்தில் பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அழுத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்துகொண்டு வெளியேறியது என்று புவியியலாளர்கள் சொன்னார்கள். இதன் பெயர் புவித்தட்டுக் கோட்பாடு. இதுவும் தியரிதான். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் வெகேனர் சொன்னபோது பலர் அவரைக் கேலி செய்தார்கள். 1960களில் கடலடித் தரையிலிருந்து சான்றுகள் குவிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தட்டுகள் நகர்ந்து வந்ததை உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் ‘தட்டு நகர்வதெல்லாம் வெறும் தியரி, கடலடியில் யாரோ பூமியை ஆட்டுகிறார்கள் என்றும் ஒரு விளக்கம் இருக்கிறது’ என்று எந்தப் பள்ளியிலும் தாள் வாசிக்கவில்லை.

டோவரில் ஆசிரியர்களுக்கு உறுத்தியது இதுதான். பாடப் புத்தகத்தில் எத்தனையோ தியரிகள் இருக்க, எச்சரிக்கை வாசித்தது ஒன்றே ஒன்றுக்கு.

டார்வின் சொன்னது என்ன

கொசுவிலிருந்து தொடங்கலாம். டிடிடி மருந்து புதிதாக வந்த காலத்தில் அடித்தால் கொசு செத்தது. சில ஆண்டுகளில் பல இடங்களில் அதே மருந்துக்கு அசையவில்லை. கொசு மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகிக்கொண்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நடந்தது அதுவல்ல. கோடிக்கணக்கான கொசுக்களில் எங்கோ சிலவற்றுக்கு மட்டும், மரபணுவில் இருந்த சிறு மாறுதலால், அந்த மருந்தைத் தாங்கும் தன்மை இருந்தது. மருந்தில் மற்றவை செத்தன, இவை பிழைத்தன. பிழைத்தவைதான் முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் தாங்கும் கொசுக்களின் பங்கு கூடியது, அதற்கடுத்ததில் இன்னும் கூடியது.

உயிர்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில பிள்ளைகளுக்குப் போகின்றன. சூழலுக்கு ஒத்துப்போகும் வேறுபாடு உள்ளவை அதிகம் பெருகுகின்றன. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். இது கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்தால் புதிய இனங்களே உருவாகும், எல்லா உயிர்களும் ஆதியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று டார்வின் 1859இல் எழுதினார்.

‘அப்படியானால் எல்லாம் தற்செயலா’ என்று கேட்பார்கள். மாறுதல் வருவது தற்செயல். எது தங்கும் என்பது தற்செயல் இல்லை. மருந்து அடித்த வீட்டில் எந்தக் கொசு பிழைக்கும் என்று சீட்டுப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லையே.

அப்புறம் அந்த நிரந்தரக் கேள்வி: ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போது இருக்கிற குரங்கு ஏன் மனிதனாகவில்லை?’ இதற்குத் தமிழில் பதில் சொல்வது சுலபம், ஏனென்றால் நம்மிடம் ‘பங்காளி’ என்ற சொல் இருக்கிறது. சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு மூதாதையின் வழியில் வந்த இரண்டு கிளைகள் நாமும் அதுவும். பெரியப்பா மகன் ஏன் இன்னும் நானாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கோட்பாடு தோற்றுப்போக முடியுமா?

அறிவியலில் ஒரு விளக்கத்துக்கு மரியாதை வருவது, அது தோற்றுப்போகக்கூடிய இடத்தில் போய் நின்று தோற்காமல் திரும்பி வரும்போதுதான். டோவர் வழக்கில் முதல் சாட்சியாக வந்த பிரவுன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியது அப்படியொரு சோதனையைத்தான்.

குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை. மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 24 ஜோடி. பங்காளிகள் என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? முழு ஜோடியும் தொலைந்து போயிருந்தால் அதிலிருந்த நூற்றுக்கணக்கான மரபணுக்களும் போயிருக்கும், உயிர் பிழைத்திருக்காது. ஆகவே பொது மூதாதை இருந்தது உண்மையானால் ஒரே வழிதான் மிச்சம்: நம் வழியில் எங்கோ இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். தடயம் இல்லையென்றால் பொது மூதாதைக் கதை பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

என்ன தடயம்? இரண்டு நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரத்திலும் அட்டை, நடுப்பக்கத்தில் ஒரு தையல். இரண்டையும் அப்படியே சேர்த்து ஒரே புத்தகமாக பைண்டிங் போட்டால் என்ன ஆகும்? ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டிய அட்டை, இப்போது நடுவிலும் இருக்கும். ஒரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தையல் இருக்கும். குரோமோசோமிலும் அப்படித்தான். அதன் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற அட்டை இருக்கிறது. டிஎன்ஏ என்ற மரபுக் குறிப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரே எழுத்து வரிசை அது. உள்ளே சென்ட்ரோமியர் என்ற தையல். இதை வைத்துக்கொண்டு தேடினார்கள். நம்முடைய இரண்டாம் எண் குரோமோசோமில், முனையில் மட்டும் இருக்க வேண்டிய அந்த எழுத்து வரிசை உள்ளே, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இருக்கிறது. சென்ட்ரோமியர் ஒன்று வேலை செய்கிறது. இன்னொன்று செயலிழந்து, ஆனால் அழியாத தழும்பாகக் கிடக்கிறது. ஒட்டிய இடத்தை 1991லேயே அடையாளம் கண்டிருந்தார்கள். அந்தக் குரோமோசோமின் முழு வரிசை, வழக்கு நடந்த 2005ஆம் ஆண்டில்தான் வெளியானது.

டார்வினுக்கு டிஎன்ஏ என்ற பேரே தெரியாது. அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அவர் கனவிலும் காணாத ஓர் இடத்தில் அவருடைய விளக்கம் சோதிக்கப்பட்டுத் தேறியிருக்கிறது. ‘வெறும் தியரி’ என்று சொல்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இந்த நோட்டுப் புத்தகக் கதையைத்தான்.

உயிரின் தோற்றம் வேறு கேள்வி

டோவர் தாளில் இன்னொரு குழப்பமும் இருந்தது. டார்வினைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, சட்டென்று ‘உயிரின் தோற்றம்’ என்று தாவிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. பரிணாமம், உயிர் ஏற்கெனவே வந்துவிட்ட பிறகு நடந்த கதை. தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று இருந்தால்தான் இயற்கைத் தேர்வுக்கே வேலை. அந்த முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேதியியலின் பக்கத்தில் விழும் தனிக் கேள்வி. டார்வினின் நூல் இனங்களின் தோற்றத்தைப் பற்றியது, உயிரின் தோற்றத்தைப் பற்றியது அல்ல. 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் தேவையான உப்புகளும் ஒளியும் வெப்பமும் மின்சாரமும் சேர்ந்து அது நடந்திருக்குமோ என்று ஊகமாக ஒரு வரி எழுதினார்.

1920களில் ரஷ்யாவில் ஓபாரினும் இங்கிலாந்தில் ஹால்டேனும் தனித்தனியாக அந்த ஊகத்துக்கு வேதியியல் உருவம் கொடுத்தார்கள். (இந்த ஹால்டேன் 1957இல் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.) 1953இல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. புரதத்துக்குச் செங்கல் அவைதான்.

ஆனால் செங்கல் கிடைத்தால் வீடு கட்டியாயிற்று என்று அர்த்தமில்லை. ஆதி பூமியின் காற்றில் மில்லர் எடுத்துக்கொண்ட வாயுக்கள் அதே அளவில் இருந்திருக்குமா என்பதே பின்னால் சந்தேகத்துக்கு உள்ளானது. இன்னொரு முடிச்சு: டிஎன்ஏவைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், புரதம் செய்ய டிஎன்ஏவில் குறிப்பு வேண்டும். கோழியா முட்டையா கதைதான். ஆர்என்ஏ என்ற மூலக்கூறு குறிப்பையும் வைத்திருக்கும், வேதிவினையையும் தானே நடத்தும் என்று 1980களில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டபோது (1989இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள்) அந்த முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது. அவிழ்ந்துவிடவில்லை. முதல் உயிர் எப்படி வந்தது என்று இன்றைக்கும் முழுமையாகத் தெரியாது. நல்ல ஆசிரியர் வகுப்பில் ‘தெரியாது’ என்றே சொல்லலாம். ‘தெரியாது, அதனால் இவர்தான் செய்தார்’ என்பதுதான் அறிவியல் வகுப்பில் செல்லாது.

வழக்கு எப்படி இங்கே வந்து நின்றது

அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு வயது நூறு. 1925இல் டென்னசி மாநிலம், மனிதன் கீழான விலங்குகளிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைத் தடைசெய்து சட்டமே போட்டது. அதை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம். இரண்டு வருஷத்தில் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்தத் தண்டனை ரத்தானது. ஆனால் சட்டம் 1967 வரை இருந்தது. 1968இல் இம்மாதிரித் தடைகள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம் அறிவியல் அல்ல, அரசியலமைப்பு. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்பது அவர்களுடைய முதல் திருத்தம். அரசுப் பள்ளி என்பது அரசு.

தடை போட முடியாது என்றானதும் உத்தி மாறியது. சரி, பரிணாமத்தைக் கற்பியுங்கள், கூடவே ‘படைப்பு அறிவியலை’யும் கற்பியுங்கள் என்று லூசியானா சட்டம் போட்டது. அதுவும் மதப் போதனையே என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு பரவிய பெயர்தான் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’. உயிர்களின் சில உறுப்புகள் தானாக வந்திருக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை, ஆகவே ஓர் அறிவு அவற்றை வடிவமைத்திருக்க வேண்டும் என்பது வாதம். அந்த அறிவு யாருடையது என்று சொல்ல மாட்டார்கள்.

டோவர் தாள் சிபாரிசு செய்த புத்தகம் அந்த வகைதான். அதன் பழைய கையெழுத்துப் பிரதிகளை நீதிமன்றம் வரவழைத்தது. தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சாட்சி சொன்னார். 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதியில் ‘படைப்பு’ என்று இருந்த இடங்களில், தீர்ப்புக்குப் பிந்தைய பிரதியில் ‘வடிவமைப்பு’ என்று இருந்தது. விளக்கம் அப்படியே, பெயர் மட்டும் மாற்றம். ஓரிடத்தில் அவசரம் காட்டிக்கொடுத்துவிட்டது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘டிசைன் புரோபோனன்ட்ஸ்’ என்று போடப் போனவர், பழைய சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி அசையையும் அழிக்க மறந்துவிட்டார். ‘சிடிசைன் புரோபோனன்ட்சிஸ்ட்ஸ்’ என்று அகராதியில் இல்லாத ஒரு சொல் அச்சடித்தாற்போல் நின்றது. பரிணாமவியலாளர்கள் தேடுவார்களே இடைப்பட்ட உயிரினப் புதைபடிவம், அது சொல்லிலேயே கிடைத்துவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். பழைய சுவரொட்டி மேல் புதியதை ஒட்டும்போது ஓரம் தெரிவதுபோல.

எலிப்பொறி

நியாயமாகப் பார்த்தால் அறிவார்ந்த வடிவமைப்புக்காரர்கள் வெறுமனே ‘கடவுள் செய்தார்’ என்று நிற்கவில்லை, ஒரு வாதம் வைத்தார்கள். லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி சொன்ன வாதம் இது. எலிப்பொறியில் பலகை, ஸ்பிரிங், அடிக்கும் கம்பி, பிடிகம்பி, கொக்கி என்று ஐந்து பாகம். ஒன்றை எடுத்தாலும் எலி சாகாது. ஆகவே பாகம் பாகமாக மெல்ல மெல்ல எலிப்பொறி பரிணமித்திருக்க முடியாது. சில பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் கசையிழையும் அப்படித்தான். மோட்டார்போல் சுழலும் அந்த இழைக்குப் பல பத்துப் புரதங்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுற்றாது.

கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். கென்னத் மில்லர் ஒரு எலிப்பொறியை எடுத்து, கொக்கியையும் பிடிகம்பியையும் கழற்றிவிட்டு, மிச்சத்தை டை கிளிப்பாகக் குத்திக்கொண்டு மேடையேறுவது வழக்கம். எலி பிடிக்காது, சரி. டையைப் பிடிக்கிறதே? பாதி எலிப்பொறிக்கு எலி பிடிக்கும் வேலை இல்லாமல் இருக்கலாம், வேறு வேலை இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? கசையிழையின் அடிப்பாகத்தில் உள்ள சுமார் பத்துப் புரதங்களுக்கு ஒப்பானவை பிளேக் பாக்டீரியாவில் இருக்கின்றன. அங்கே அவை நீந்துவதற்கு அல்ல, எதிராளியின் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசியாக இருக்கின்றன. ஒரு வேலைக்கு வந்த உறுப்பை இன்னொரு வேலைக்கு மடைமாற்றுவது உயிரினங்களில் சர்வசாதாரணம். பழைய சேலை தூளியாவதும் தலையணை உறையாவதும் நம் வீட்டில் நடக்கவில்லையா?

நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலிடம் பதிலே இல்லை என்றும் பீஹி எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் பெற்றோர் தரப்பு வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்ட், அதைப் பற்றி வந்த 58 ஆய்வுக் கட்டுரைகளையும் சில புத்தகங்களையும் சாட்சிக் கூண்டில் அவர் முன்னால் அடுக்கிவிட்டார். அவை போதாது என்றார் பீஹி. அறிவார்ந்த வடிவமைப்பைத் தியரி என்று ஏற்க வேண்டுமானால் தியரி என்ற சொல்லின் வரையறையைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டுமே, அந்த அகலத்தில் ஜோதிடமும் தியரியாகிவிடுமா என்று இன்னொரு கேள்வி. ஆகும் என்று அவரே ஒப்புக்கொண்டார். என் பார்வையில் வழக்கு முடிந்தது அந்த நிமிடத்தில்தான்.

கடவுள் நம்பிக்கை எங்கே நிற்கிறது?

இதை ‘ஆத்திகர் ஒரு பக்கம், நாத்திகர் ஒரு பக்கம்’ என்று கற்பனை செய்துகொண்டால் தப்பாகிவிடும். கென்னத் மில்லர் தவறாமல் தேவாலயம் போகும் கத்தோலிக்கர். டோவர் பிள்ளைகள் படித்த உயிரியல் பாடநூலை எழுதியவர்களில் ஒருவரும் அவரே. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், அதிபர் ஜார்ஜ் புஷ் நியமித்த குடியரசுக் கட்சிக்காரர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். பரிணாமக் கோட்பாடு ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996லேயே சொல்லியிருந்தார்.

பெற்றோர் தரப்புச் சாட்சிகளில் ஜான் ஹாட் என்ற கத்தோலிக்க இறையியல் பேராசிரியரும் ஒருவர். அவர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடித்தது. அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது. ஏன் கொதிக்கிறது? தண்ணீர் மூலக்கூறுகள் வேகமாக அசைந்து ஆவியாகின்றன, அதனால். இது ஒரு பதில். என் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள், அதனால். இது இன்னொன்று. எனக்கு டீ குடிக்க ஆசை, அதனால். இது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் சரிதான், ஒன்றோடொன்று மோதவில்லை. மோதல் எப்போது வரும்? மூலக்கூறுகளை ஆராயும்போது நடுவில் டீ ஆசையைத் தேடினால் வரும். எந்த நுண்ணோக்கியிலும் அது அகப்படாது. அறிவியல் வகுப்பு முதல் வகைப் பதிலுக்கான இடம். அங்கே மூன்றாம் வகைப் பதிலைச் சொன்னால் அது பொய் என்பதற்காகத் தடுக்கவில்லை, சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதற்காகத் தடுக்கிறார்கள். அதே காரணத்தால், அறிவியல் ஆசிரியர் வகுப்பில் நின்று ‘கடவுள் இல்லை’ என்று சொல்வதற்கும் பரிணாமம் அனுமதி தரவில்லை.

ஓட்டைகளைக் காட்டி அங்கே கடவுளை உட்கார வைப்பது பக்திக்கும் நல்லதல்ல என்று இறையியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். நாளைக்கு ஆராய்ச்சியில் அந்த ஓட்டை அடைபட்டால் கடவுள் இடம் மாற வேண்டியிருக்கும், வாடகை வீட்டுக்காரர்போல.

‘இரண்டு பக்கமும் சொல்லலாமே’ என்ற நியாயத்துக்கும் இங்கேதான் பதில். எந்த இரண்டு பக்கம்? உலகத்தில் படைப்புக் கதைகள் இரண்டா, இருபதா? பைபிளின் ஆறு நாள் கதையைச் சொன்னால் பிரம்மாவின் தாமரையையும் சொல்லியாக வேண்டும். சமூக அறிவியல் வகுப்பிலோ இலக்கிய வகுப்பிலோ எல்லாவற்றையும் தாராளமாகச் சொல்லலாம். நானாக இருந்தால் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

2005 நவம்பர் 4, விசாரணையின் கடைசி நாள். பள்ளி நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுந்து, ‘என் கணக்குப்படி இன்று நாற்பதாவது நாள், இரவு வந்தால் நாற்பதாவது இரவு. வேண்டுமென்றேதான் இப்படி அமைத்தீர்களா?’ என்று நீதிபதியிடம் கேட்டார். நோவா காலத்துப் பெருமழை நாற்பது பகலும் நாற்பது இரவும் பெய்தது என்கிறது பைபிள். ‘சுவையான தற்செயல்தான், ஆனால் வடிவமைத்துச் செய்ததல்ல’ என்றார் நீதிபதி. நீதிமன்றம் சிரித்தது. நான்கு நாள் கழித்து நடந்த தேர்தலில் தாளுக்கு ஆதரவான பள்ளிக் குழு உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள். டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, தாள் வாசித்தது அரசியலமைப்புக்கு எதிரானது. புதிய குழு மேல்முறையீடு செய்யவில்லை. எதிர்த்தரப்பு வழக்குச் செலவுக்காக அந்தச் சின்ன ஊர்ப் பள்ளி நிர்வாகம் கொடுக்க வேண்டிவந்தது 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல்.

நம் பக்கம்

இந்தியாவில் இது டோவர்போல் பெரிய நீதிமன்றச் சண்டையாக வந்ததில்லை. வேறு ரூபத்தில் வருகிறது. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகர் அன்றே பரிணாமத்தைச் சொல்லிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தப் பாட்டைக் கொஞ்சம் தொடர்ந்து படித்தால் போதும். பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், மனிதனுக்குப் பிறகு பேய், அசுரர், தேவர். ஓர் உயிர் பிறவி தோறும் அலைந்து களைத்துப் போய் ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்று இறைவனிடம் முறையிடுகிறது. அது மறுபிறவியின் களைப்பு. இனங்கள் எப்படி மாறின என்ற ஆராய்ச்சி அல்ல. அதை டார்வினுக்கு முன்னோட்டமாகக் காட்டும்போது நாம் டார்வினையும் தவறவிடுகிறோம், மாணிக்கவாசகரையும் தவறவிடுகிறோம். தசாவதாரத்தை மீன், ஆமை, பன்றி என்று வரிசை போட்டுக் காட்டுவதும் இதே வகை.

2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. யாரும் பார்க்கவில்லை என்ற வாதத்தைப் புவித்தட்டுக்கு வைத்துப் பாருங்கள்.

2023இல் நடந்தது சத்தமில்லாத காரியம். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்தின் தலைப்பு ‘மரபு’ என்று சுருங்கியது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். மதக் காரணம் என்று யாரும் அதிகாரப்பூர்வமாகச் சொல்லவில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது அரசின் பதில்.

இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் பத்தாவதோடு அறிவியலை விட்டுவிட்டு வணிகவியலோ வரலாறோ எடுத்துப் போகிற பிள்ளைதான் நம்மில் பெரும்பாலோர். போன வருஷம் அடித்த மருந்துக்கு இந்த வருஷக் கொசு ஏன் சாகவில்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால், பதில் பக்கத்து வகுப்புப் புத்தகத்தில் இருக்கும்.